கதிர் காட்டிய வழியும் சட்டம் போட்ட வேலியும்



சரித்திரம் என்றவுடன் நமக்குக் கரிகாலன் கட்டிய கல்லணையும், இராசராசன் எடுப்பித்த பெரிய கோயிலும், பரமேசுவரன் கண்ட மலாக்காவும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தப் பரிசளிப்பு விழா மலரில் நான் சொல்லப் போவது ஒரு கதவின் சரித்திரம். கதவுக்கு என்ன சரித்திரம் என்று சிரிக்காதீர்கள். அந்தக் கதவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆஸ்பத்திரியில் ஒரு கோடியில் இருக்கும். மேலே சிவப்பு விளக்கு. கதவில் மஞ்சள் அட்டையில் கறுப்பாக, மூன்று இறக்கை விசிறி போன்ற ஒரு சின்னம். ஆம், எக்ஸ்ரே அறையின் கதவுதான் அது.

அந்தக் கதவைக் கண்டு பயந்த ஒருவரைப் பற்றி முதலில் சொல்கிறேன். அவர் என் தகப்பனார்.

1960-களின் பிற்பகுதி. அப்பா பால்மரம் வெட்டிக் கொண்டிருந்தார். வாரக் கணக்கில் இருமல் விடவில்லை. தோட்டத்து டிரெசர் ஐயா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, “பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சை எக்ஸ்ரே பிடிச்சிட்டு வா” என்றார். அப்பா அந்தக் கடிதத்தைத் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி விட்டார். அம்மா கேட்டதற்கு, “அந்த வெளிச்சம் பட்டா ரத்தம் சுண்டிப் போயிரும். கை வெந்து போயிரும்னு லயத்துல பேசிக்கிறாங்க. நான் போக மாட்டேன்” என்று சொல்லி விட்டார்.

நான்கு மாதம் கடிதம் பெட்டியிலேயே கிடந்தது. ஒரு நாள் விடியற்காலையில், வெட்டுக்காட்டிலேயே, இருமலோடு ரத்தம் வந்தது. பிறகுதான் போனார். இரண்டு நுரையீரலிலும் காசநோய் முற்றியிருந்தது. பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஊசி போட்டு, மாத்திரை விழுங்கி உயிர் பிழைத்தார். ஆனால் பழைய மூச்சு திரும்பவில்லை. மரம் வெட்டும் வேலையும் போயிற்று. வகுப்பில் முதலாவதாக வந்து கொண்டிருந்த என் அக்கா, ஆறாம் வகுப்போடு புத்தகப் பையை ஆணியில் மாட்டி விட்டு, அப்பாவின் வாளியைத் தூக்கிக் கொண்டு வெட்டுக்காட்டுக்குப் போனார்.

அப்பாவின் பயம் வெறும் மூடநம்பிக்கை என்றுதான் நான் பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். பின்னாளில் இதைப் பற்றிப் படித்துப் பார்த்தபோதுதான் விளங்கிற்று. அந்தப் பயத்துக்கு வேர் உண்டு. ஒரு காலத்தில் அது முழு உண்மையாகவே இருந்தது. அது எப்போது உண்மையாக இருந்தது, எப்படி உண்மை இல்லாமல் போயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரை.

கண்ணுக்குத் தெரியாத ஒளி

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8. ஜெர்மனியில் உர்ஸ்பர்க் நகரப் பல்கலைக்கழகத்தில் வில்ஹெம் ரான்ட்ஜன் என்ற பேராசிரியர், காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்க்குள் மின்சாரம் பாய்ச்சிச் சோதனை செய்து கொண்டிருந்தார். குழாயைக் கறுப்பு அட்டையால் நன்றாக மூடியிருந்தார். அறையும் இருட்டு. அப்படியிருந்தும் சற்றுத் தூரத்தில் இருந்த, ரசாயனம் பூசிய ஒரு திரை பளபளவென்று மின்னிற்று! அட்டையை ஊடுருவி ஏதோ ஒரு கதிர் வருகிறது என்று கண்டு கொண்டார். அது இன்னதென்று தெரியாததால், கணக்கில் தெரியாத எண்ணுக்கு வைக்கும் ‘எக்ஸ்’ என்ற எழுத்தையே அதற்குப் பெயராக வைத்தார்.

அதே ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி தம் மனைவியின் கையை அந்தக் கதிரில் வைத்துப் படம் பிடித்தார். விரல் எலும்புகளும், விரலில் கிடந்த மோதிரமும் தெளிவாக விழுந்தன. உயிரோடு இருக்கும் ஒருவரின் எலும்பைக் கத்தி வைக்காமல் பார்த்த செய்தி உலகத்தையே உலுக்கி விட்டது. ரான்ட்ஜன் இதற்குக் காப்புரிமை எடுத்திருந்தால் கோடீசுவரர் ஆகியிருக்கலாம். எடுக்கவில்லை. மனித குலத்துக்குப் பொதுவாக விட்டு விட்டார். 1901-ல் பௌதிகத்துக்கான முதல் நோபல் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது.

சில வாரங்களுக்குள் பல நாட்டு மருத்துவர்கள் உடைந்த எலும்பையும் உள்ளே தைத்த குண்டையும் இந்தக் கதிரால் தேடத் தொடங்கினார்கள். அப்போது இதற்குச் சட்டம் கிடையாது, உரிமம் கிடையாது, மறைப்புச் சுவர் கிடையாது. யார் வேண்டுமானாலும் இயந்திரம் வாங்கலாம், யாரை வேண்டுமானாலும் படம் பிடிக்கலாம். கடைவீதியில் காசு வாங்கிக் கொண்டு கை எலும்பைக் காட்டி வேடிக்கை நடத்தியவர்களும் உண்டு.

வெந்து போன கைகள்

வேடிக்கை நீடிக்கவில்லை. 1896-லேயே அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் தம் தலையைச் சோதனைக்குக் கொடுத்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கதிர் பட்டது. வலி இல்லை, சூடு இல்லை. இருபத்தொரு நாள் கழித்துக் கதிர் பட்ட இடத்தில் முடி கொட்டிப் போயிற்று. இங்கேதான் இந்தக் கதிரின் சூழ்ச்சி இருக்கிறது. நெருப்பு தொட்டவுடனே சுடும், நாமும் உடனே கையை இழுத்துக் கொள்வோம். இந்தக் கதிரோ படும்போது ஒன்றும் தெரியாது. நாள் கழித்து, சில சமயம் வருடம் கழித்துத்தான் கணக்குக் கேட்கும்.

மின்விளக்கால் உலகப் புகழ் பெற்ற தாமஸ் எடிசனைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவருடைய கூடத்தில் கிளாரன்ஸ் டாலி என்றொரு தொழிலாளி இருந்தார். கண்ணாடிக் குழாய் ஊதி உருவாக்குவதில் கைதேர்ந்தவர். எக்ஸ்ரே குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தம் கையையே அதன் முன்னால் நீட்டிச் சோதிப்பார். இடது கை வெந்து புண்ணானபோது வலது கையை நீட்டினார். புண் புற்றுநோயாக மாறிற்று. கடைசியில் இரண்டு கைகளையும் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. 1904-ல், 39 வயதில், டாலி இறந்து போனார். எடிசனோ மனம் கலங்கி எக்ஸ்ரே ஆராய்ச்சியையே கைவிட்டார்.

“கை வெந்து போயிரும்” என்று என் அப்பா சொன்னது இதுதான்!

“ரத்தம் சுண்டிப் போயிரும்” என்றாரே, அதற்கும் ஆதாரம் உண்டு. ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரி அம்மையார், முதல் உலகப் போரின்போது எக்ஸ்ரே இயந்திரம் பூட்டிய வண்டிகளைப் போர்முனைக்குக் கொண்டு போய், காயம்பட்ட வீரர்களுக்குப் படம் எடுக்க ஏற்பாடு செய்தார். தாமே வண்டி ஓட்டவும் கற்றுக் கொண்டார். ரேடியத்தோடும் எக்ஸ்ரேயோடும் பல்லாண்டு போதிய பாதுகாப்பின்றிப் பழகிய அவர் 1934-ல் காலமானார். எலும்பு மச்சை புதிய ரத்தம் ஊறச் செய்யாமல் நின்று போகும் ரத்தசோகை அவரைக் கொண்டு போயிற்று. கடலைக் கடந்து, வாய்க்கு வாய் மாறி, அந்தச் செய்திதான் எங்கள் லயத்துத் திண்ணைக்கும் வந்து சேர்ந்ததோ என்னவோ!

1936-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஓர் ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு நினைவுக் கல் நாட்டினார்கள். எக்ஸ்ரே, ரேடியம் ஆகியவற்றோடு பாடுபட்டு உயிர்நீத்தவர்களின் பெயர்களை அதில் பொறித்தார்கள். முதலில் 169 பெயர்கள். பின்னர் 350-க்கும் மேல் ஆயிற்று. மருத்துவர், தாதியர், இயந்திரம் இயக்கியவர் என்று எல்லாரும் அதில் உண்டு. பிறர் நோயைக் காணப் போய்த் தம் உயிரைக் கொடுத்தவர்கள் அவர்கள்.

வேலி எழுந்த கதை

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். ஆனால் எல்லாருடைய கண்ணும் கெடும் வரை உலகம் காத்திருக்கவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் ரோலின்ஸ் என்ற பல் வைத்தியர், 1901-லேயே சிறு பிராணிகளை வைத்துச் சோதித்து, இந்தக் கதிர் உயிரையும் எடுக்கும் என்று காட்டினார். குழாயை ஈயத்தால் மூடுங்கள், நோயுள்ள இடத்தில் மட்டும் கதிர் படட்டும், மற்ற இடத்தை மறையுங்கள் என்று எழுதினார். அன்று அவர் பேச்சைக் கேட்டவர் சிலரே.

1921-ல் பிரிட்டனில் பாதுகாப்புக் குழு ஒன்று அமைந்து விதிகளை வெளியிட்டது. 1928-ல் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய மாநாட்டில் அனைத்துலகக் குழு பிறந்தது. கியூரி அம்மையார் மறைந்த அதே 1934-ல், ஒரு தொழிலாளிக்கு ஒரு நாளில் இவ்வளவுக்கு மேல் கதிர் படலாகாது என்று அந்தக் குழு முதன்முதலாக ஓர் அளவு வைத்தது. இன்றைய கணக்கில் பார்த்தால் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மில்லிசீவர்ட் ஆகும். மில்லிசீவர்ட் என்பது உடம்பு வாங்கிய கதிரை அளக்கும் அளவு. துணிக்கு மீட்டர், அரிசிக்குக் கிலோ என்பது போல. பிறகு அறிவு வளர வளர அந்த அளவு குறைந்து 50 ஆயிற்று. 1990-ல் அனைத்துலகக் குழு அதை ஆண்டுச் சராசரி 20 ஆக்கிற்று.

எண்கள்தானே என்று தள்ளி விடாதீர்கள். களைக்கொல்லி மருந்து அடித்த நம் தாய்மார்களின் விரல் நகங்கள் கறுத்துச் சொத்தையாகிப் போனதைப் பார்த்தவர்கள் நாம். அந்த மருந்து அவர்கள் உடம்பில் எவ்வளவு ஏறியது என்று அளந்து எழுதி வைத்தவர் யார்? ஒரு தொழிலாளியின் உடம்பில் ஏறும் கேட்டை மாதா மாதம் அளந்து, ஏட்டில் பதிந்து, இதற்கு மேல் ஏறக் கூடாது என்று ஒரு சட்டம் சொல்லுமானால், அது எவ்வளவு பெரிய காரியம் என்று நமக்குத்தான் நன்றாகப் புரியும்.

தாயிடம் கேட்கும் கேள்வி

இன்னொரு சம்பவம். எங்கள் உறவில் ஒரு மருமகள், கல்யாணமாகி மூன்று மாதம். இடுப்பு வலி என்று எக்ஸ்ரே எடுக்கப் போனாள். உள்ளே இருந்தவர், “வயித்துல பிள்ளை இருக்கா? கடைசியா எப்ப தீட்டு வந்துச்சு?” என்று கேட்டு விட்டார். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்கு வந்து, “ஆம்பளை ஆள் கேக்குற கேள்வியா இது?” என்று அழுதாள். மாமியாருக்கும் கோபம்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெண்மணியின் போராட்டம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற மருத்துவர், புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மார்களைத் தேடி விசாரித்தார். கர்ப்பமாக இருந்தபோது வயிற்றில் எக்ஸ்ரே எடுத்துக் கொண்ட தாய்மார்களின் குழந்தைகளுக்குப் புற்றுநோய் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 1956-லும் 1958-லும் வெளியிட்டார். அந்தக் காலத்தில் கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்ரே எடுப்பது சாதாரண வழக்கம். ஆகவே பல பெரியவர்கள் அவரை நம்பவில்லை. பல்லாண்டுகள் கழித்தே அவர் சொன்னது நிலைபெற்றது.

அந்த அபாயம் பெரும்பாலான குழந்தைகளைத் தொடாத சிறிய அபாயம்தான். ஆயினும் தவிர்க்கக் கூடியதை ஏன் தவிர்க்கக் கூடாது? அதனால்தான் அந்தக் கேள்வி. அது மானத்தைக் கெடுக்கும் கேள்வி அல்ல. பிறக்காத பிள்ளைக்காக இன்னொருவர் கேட்கும் கேள்வி. நாள் தள்ளிப் போயிருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், தாய்மார்களே. பிள்ளை உண்டானது தெரியாமல் எடுத்து விட்டாலும் பதறாதீர்கள். டாக்டரிடம் சொல்லி விவரம் கேளுங்கள்.

நம் நாட்டில் போட்ட வேலி

நம் மலேசியாவில் 1968-ல் கதிரியக்கப் பொருள்கள் சட்டம் வந்தது. அதை நீக்கி, விரிவாக 1984-ல் அணுசக்தி உரிமம் வழங்கும் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் 304 என்பது அதுவே. அதன் கீழ் 1986-ல் உரிம விதிகளும், 1988-ல் பாதுகாப்பு விதிகளும் வந்தன. 2010-ல் பாதுகாப்பு விதிகள் புதிதாக எழுதப்பட்டன. அவற்றின்படி இந்த வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், பொதுமக்களுக்கு 1 மில்லிசீவர்ட் என்பது எல்லை.

இரும்புக் குழாயின் ஒட்டு வேலையைச் சோதிப்பது போன்ற தொழிலுக்குரிய எக்ஸ்ரே இயந்திரங்களை 1984-ஆம் ஆண்டுச் சட்டம் உரிம வாரியத்தின் பொறுப்பில் விட்டது. மருத்துவத்துக்குரியவற்றையோ சுகாதார அமைச்சின் தலைமை இயக்குநரிடம் ஒப்படைத்தது. ஆக, ஒரு கிளினிக் வைத்திருப்பவர் காசு இருக்கிறது என்பதற்காக எக்ஸ்ரே இயந்திரம் வாங்கி நினைத்தபடி ஓட்ட முடியாது. லைசென்ஸ் வேண்டும்.

லைசென்ஸ் என்றால் வெறும் காகிதம் என்று நினைக்காதீர்கள். எந்த அறை, சுவர் எவ்வளவு கனம், கதவில் ஈயத் தகடு உண்டா, சுவருக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று பார்ப்பார்கள். இயந்திரம் சரியான அளவில் கதிர் விடுகிறதா என்று சோதிப்பார்கள். இயக்குபவர் முறையாகப் படித்தவரா என்று கேட்பார்கள். பாதுகாப்புக்கென்று பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். லைசென்சுக்குக் காலவரையும் உண்டு, புதுப்பித்துக் கொள்ள வேண்டும்.

உள்ளே வேலை செய்பவர் சட்டையில் ஒரு சின்ன வில்லை குத்தியிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அது அலங்காரத்துக்கு அல்ல. முன்பு அதற்குள் ஒரு துண்டு பிலிம் இருந்தது. கதிர் பட்டால் கறுக்கும். கறுத்ததைப் பார்த்து அவர் வாங்கிய அளவைக் கணக்கிட்டார்கள். பின்னர் பிலிமுக்குப் பதில் சிறு படிகங்கள் வந்தன. டாலி கையை நீட்டிச் சோதித்தார். இன்று அந்த வில்லை, வேலை செய்பவர் வாங்கிய கதிரை அளந்து காட்டுகிறது.

“நம்மைப் படுக்க வைச்சிட்டு அவர் மட்டும் ஓடி ஒளிஞ்சிக்கிறாரே” என்று சிலர் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். நீங்கள் போவது வருடத்தில் ஒரு நாள். அவரோ ஒரு நாளில் பல பேருக்கு எடுக்கிறார். அதனால்தான் சுவருக்குப் பின்னால் போகிறார். நேரம், தூரம், மறைப்பு என்ற மூன்றுதான் அவருக்குக் கவசம். விடியுமுன் நெற்றியில் விளக்குக் கட்டி மரம் வெட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மரத்தை விட்டு ஒவ்வோர் எட்டாக விலக விலக வெளிச்சம் எவ்வளவு விரைவாக மங்குகிறது! கதிரும் அப்படித்தான். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நான்கில் ஒரு பங்காகிறது. சுவிட்சை அணைத்தால் வெளிச்சம் போவது போல, இயந்திரம் நின்றதும் எக்ஸ்ரேயும் நின்று விடுகிறது. அறையிலோ உங்கள் உடம்பிலோ எதுவும் தங்குவதில்லை.

நாம் செய்ய வேண்டியது

இனி அப்பாவின் பயத்துக்கு வருவோம். இன்று ஒரு முறை நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தால் உடம்பு வாங்குவது ஏறத்தாழ 0.02 முதல் 0.1 மில்லிசீவர்ட் வரைதான். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் உண்ணும் உணவிலிருந்தும் இயற்கையாகவே ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் உலக மக்களுக்கு வந்து கொண்டுதான் இருக்கிறது. ஆக, ஒரு நெஞ்சுப் படம் என்பது சும்மா இருந்தாலே சில நாட்களில் வந்து சேரும் அளவு. ஆறு மாதம் ஒளித்து வைத்த காசநோயோ ஒரு குடும்பத்தையே சாய்க்கும்.

அதற்காக எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கவும் வேண்டாம். வேலை செய்பவருக்கும் பொதுமக்களுக்கும் எல்லை வைத்த சட்டம், நோயாளிக்கு அப்படி எண் வைக்கவில்லை. நோய் அறிய எவ்வளவு தேவையோ அதை மருத்துவர்தான் எடை போட வேண்டும். “சும்மா ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடுங்க டாக்டர்” என்று நாமே வற்புறுத்தலாகாது. ‘சி.டி. ஸ்கேன்’ என்பதும் எக்ஸ்ரேதான். ஒரு நெஞ்சுப் படத்தைவிடப் பல மடங்கு கதிர் அதில் உண்டு. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ‘அல்ட்ராசவுண்ட்’ ஒலி அலை. அதில் எக்ஸ்ரே கிடையாது.

ஆகவே, பெற்றோர்களே, சில காரியங்களை மனத்தில் வையுங்கள். டாக்டர் தேவை என்று சொன்னால் பயப்படாமல் போங்கள். ஏன் எடுக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள், கேட்பது குற்றமல்ல. முன்பு எடுத்த படம் இருந்தால் கையோடு கொண்டு போங்கள். மறுபடி எடுக்க வேண்டி வராமல் போகலாம். நாள் தள்ளியிருந்தால் சொல்லுங்கள். சிவப்பு விளக்கு எரியும்போது கதவைத் திறக்காதீர்கள். பிள்ளைகளையும் அங்கே விளையாட விடாதீர்கள்.

மாணவச் செல்வங்களே! என் அப்பாவின் பயம் 1904-ல் உண்மை. அவர் அந்தக் கடிதத்தைப் பெட்டியில் பூட்டியபோதோ அது உண்மை அல்ல. இடையில் ஒரு வேலி எழுந்து விட்டது. டாலியின் கைகளும், கியூரி அம்மையாரின் ரத்தமும், ஆலிஸ் ஸ்டூவர்ட்டின் பிடிவாதமும் சேர்ந்து எழுப்பிய வேலி அது. அதை அப்பாவுக்குச் சொல்ல லயத்தில் படித்தவர் யாருமில்லை. சொல்லியிருக்க வேண்டிய அக்காவுக்கு வயது பன்னிரண்டு.

இன்று நீங்கள் படிக்கிறீர்கள். இன்று பரிசு வாங்கி வீட்டுக்குப் போனதும், தாத்தாவோ பாட்டியோ ஏதாவது ஓர் ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் எடுத்து வாசித்துக் காட்டுங்கள். கையைப் பிடித்து அந்தக் கதவு வரை கூட்டிப் போங்கள். மேலே எரியும் சிவப்பு விளக்கு எதற்கு என்றும் சொல்லிக் கொடுங்கள்.

வாழ்க தமிழ்ப்பள்ளி! வளர்க நம் பிள்ளைகளின் கல்வி!